நேரில் வந்தவள்

மார்ச் 4, திங்கள்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். என் வகுப்புத் தோழி நஸ்ரினின் ஊடாட்டப் படைப்பில், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிட்டேன்.

அவளுடைய படைப்பு உக்கடம் பேருந்து நிலையத்தில் நடக்கிறது. நல்ல மழை. நம் கையில் ஒரே ஒரு குடை. கைக்குழந்தையோடு ஒரு பெண், சான்றிதழ் உறையை மார்போடு அணைத்துக்கொண்ட ஒரு பையன், காய்ச்சலில் நடுங்கும் ஒரு நடத்துநர் என்று ஒவ்வொருவராக அருகில் வந்து கேட்பார்கள். குடைக்குள் யாருக்கு இடம் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதைப் பொறுத்து மழை கூடும், பேருந்து வரும், அல்லது வராமலே போகும். நடத்துநர் வாயைத் திறந்ததுமே நான் திரையில் அவரைத் தொட்டுவிட்டேன். பதில் சொல்வது ஆளா, ஆளின் ஃபோனில் இருக்கும் பதிலியா என்று கண்டுபிடிக்கும் உயிரறி மேசை ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. ‘பதில் சொல்வது: பதிலி’ என்று எழுத்து ஓடியது.

“ஏய், ஃபோனை அணைச்சு வை. உன் பதிலி குறுக்க வருது பாரு,” என்றாள் நஸ்ரின்.

“ஃபோன் வீட்டுல இருக்கு நஸ்ரின்.”

“அப்ப இது யாரு?”

“நான்தான்.”

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஊடாட்ட டிஜிட்டல் ஊடகத்தில் முதுகலைப் பட்டம் வாங்க மூன்று நிபந்தனைகள். வகுப்புக்கு நேரில் வந்து மேசைத்திரையில் பதில் தர வேண்டும். இறுதிப் படைப்பு ஒன்று செய்ய வேண்டும். அந்தப் படைப்புக்குள் உயிருள்ள ஐந்து பேர் முதலிலிருந்து கடைசி வரை போய் வர வேண்டும். மூன்றாவதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். இப்போது யாரும் எதையும் கடைசி வரை பார்ப்பதில்லை. காப்பீட்டுக் கேள்விகள், பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டம், சித்தப்பா அனுப்பும் கல்யாண வீடியோ, எல்லாவற்றுக்கும் நம் குரலில் பதில் சொல்லப் பதிலி இருக்கிறது. சித்தப்பாவின் சார்பில் அனுப்புவதும் அவருடைய பதிலியாகத்தான் இருக்கும்.

நின்றுபோன லிஃப்டுக்குள் நான்கு பேர், நாம் ஐந்தாவது ஆள். அது என் படைப்பு. போய் வர வேண்டிய ஐந்து பேரும் எனக்குக் கிடைத்துவிட்டார்கள். முதலில் உட்கார்ந்தவள் நஸ்ரின். அவளுக்கு இன்னும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நான்.

ஏன் அவசரப்பட்டேன் என்று யோசித்தேன். நஸ்ரின் படைப்பை விளக்கிச் சொன்ன நேற்றே, ஃபோனில் எழுதும் இந்த நாட்குறிப்பில் குழந்தையா, பையனா, நடத்துநரா என்று பக்கம் பக்கமாக எழுதி, அடித்து, மறுபடி எழுதி, நடத்துநர் என்று முடிவுக்கு வந்திருந்தேன். அவர் இல்லாமல் பேருந்து கிளம்பாது. முடிவு செய்தபிறகு தயங்க என்ன இருக்கிறது? ஆனாலும் தவறு என்னுடையதுதான். நாளை மெதுவாகத் தொட வேண்டும்.

மார்ச் 5, செவ்வாய்

மெதுவாகத் தொட்டேன். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத் தொட்டேன். மறுபடியும் ஆரஞ்சு.

உயிரறி ஆளைப் பார்ப்பதில்லை. வகுப்பறைகளில் ஆளைப் படம் பிடிக்கத் தடை வந்து வெகு காலம் ஆகிறது. பதில் எப்படி வருகிறது என்பதை மட்டும் அது பார்க்கிறது. மனிதர்கள் விரலை நீட்டுவார்கள், இழுத்துக்கொள்வார்கள், வேறு பக்கம் போவார்கள், திரும்பி வருவார்கள். ஒரே சீராக இடைவெளி விட மாட்டார்களாம். நான் விட்டேன்.

நஸ்ரின் நாற்காலியில் அப்படியே சரிந்துவிட்டாள். வியாழக்கிழமை கடைசி நாள்.

“நாலு பேரைப் புடிக்க நான் பட்ட பாடு தெரியுமா? எங்க மாமாவுக்கு ரெண்டு தடவை பிரியாணி ஆக்கிப் போட்டேன். மாடி வீட்டு அக்கா, பிள்ளையப் பாத்துக்கிட்டாத்தான் உக்காருவேன்னுச்சு.”

“வேற யாராவது கேட்டுப் பாக்கலாமா?”

“யாரு இருக்கா? நம்ம வகுப்புல நேர்ல வர்ற ஒரே லூசு நீதான். நானே இந்த மாசந்தான் வர்றேன்.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உன் பதிலியப் போடேன்.”

“பதிலியா? அதைக் கண்டுபிடிக்கத்தானே உயிரறி?”

“உன்னையே பதிலிங்குது. அதைப் போட்டா என்ன சொல்லுதுன்னு பாப்போமே. எங்க அத்தா காலேஜ்ல படிக்கையில பக்கத்து பெஞ்சு ஆளுக்கும் சேத்து ‘உள்ளேன் ஐயா’ சொல்லுவாராம். அந்த மாதிரின்னு நெனச்சுக்க. எனக்காகடி.”

என் லிஃப்டுக்குள் முதலில் ஏறியவள் அவள். வீட்டுக்குப் போய் ஃபோனை எடுத்து வந்தேன்.

பதிலி குழந்தைக்காரியைப் பார்த்தது. பையனிடம் போனது. “இருங்க, ஒரு நிமிஷம்,” என்றது என் குரலில். நடத்துநர் வரை போய்த் திரும்பியது. கடைசியில் குடையைக் குழந்தைக்காரியின் கையில் கொடுத்துவிட்டுத் தான் மழையில் நின்றது. எனக்குத் திக்கென்றது. ஞாயிறன்று நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் நான் எழுதி, சரிப்படாது என்று அடித்துவிட்ட யோசனை அது.

உயிரறி பச்சையாக எரிந்தது. ‘உயிருள்ளவர். கோகிலவாணி. மூலப்பதிவு சேமிக்கப்பட்டது.’

நஸ்ரின் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவள் அழுகை எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 8, வெள்ளி

முடிவுகள் வந்தன. நஸ்ரின் தேறிவிட்டாள். வகுப்பில் எல்லோரும் தேறிவிட்டார்கள்.

என் பெயருக்கு நேரே, ‘தகுதியிழப்பு. அனைத்து வகுப்புகளுக்கும் பதிலி மூலம் வருகை தந்துள்ளார்.’

திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். உயிரறி ஒருவரை உயிருள்ளவர் என்று ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அதுவே அவருடைய மூலப்பதிவு. அதோடு ஒத்துப்போகும் பழைய பதில்கள் அவருடையவை, ஒத்துப்போகாதவை பதிலியுடையவை. மற்ற எல்லோருக்கும் ஒத்துப்போயிற்று. முதல் நாளிலிருந்து வந்ததும் பதிலி, உயிரறி முன் நின்றதும் அதே பதிலி. நேரில் உட்கார்ந்த நஸ்ரினோ தன் பதிலியைப் போலவேதான் பதில் சொல்லியிருக்கிறாள். நேரில் வந்து நானே தொட்டுத் தொட்டுப் பதில் சொன்ன எனக்கு ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை.

பேருந்து அட்டையைக் காட்டினேன். ஒவ்வொரு மாலையும் கல்லூரி நிறுத்தத்தில் இறங்கியது அதில் இருக்கிறது.

“நீங்க வந்தீங்க, இல்லைன்னு சொல்லலை,” என்றார் அலுவலகத்துப் பெண், பொறுமையாகத்தான். “உடம்பு வந்திருக்கு. பதில் வரலை. பதிலியைப் பையில வச்சுக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்க.”

செவ்வாய்க்கிழமை உட்கார்ந்ததுதான் பதிலி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் நஸ்ரினின் ஐந்தாவது ஆள் போய்விடும், பட்டமும் போய்விடும். சொல்லவில்லை.

திங்கள் காலை பத்து மணிக்கு ஒரே ஒரு மறுசோதனை உண்டு. அதில் மூலப்பதிவோடு நான் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் பெயர் நீக்கம். மாலை வகுப்பும் இந்த ஆண்டோடு மூடப்படுவதால் மறுபடி சேர வழியில்லை.

பகலில் நான் பம்புசெட் கம்பெனியில் வழிகாட்டித் திரைகளைச் சரிபார்க்கிறேன். ஜூன் முதல் அந்த வேலையைப் பதிலிகள் செய்யும். எங்கள் பிரிவில் ஒரே ஒரு நாற்காலி மிஞ்சும். பட்டம் பெற்ற உயிருள்ள ஒருவர் கடைசியாகப் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்பது சட்டம். அந்த நாற்காலி எனக்கு என்று மேலாளர் சொல்லியிருந்தார். இப்போது பட்டமும் இல்லை. உயிருள்ளவள் என்பதற்கும் சான்று இல்லை.

மார்ச் 9, சனி

ஆறுச்சாமி சார் வீட்டுக்குப் போனேன். முதல் பருவத்திலிருந்து எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அதை எழுதித் தந்தால் போதும் என்று நினைத்தேன்.

முழுதும் கேட்டுவிட்டு டீயை என் பக்கம் நகர்த்தினார்.

“குடிங்க கண்ணு. ஆறுது பாருங்க.”

“நீங்க பாத்தீங்கல்ல சார்? நான் தினமும் வந்தேன்ல?”

“வந்தீங்க... வந்திருப்பீங்க.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு முட்டிவலி வந்ததுல இருந்து எம் பதிலிதானுங்க பாதி வகுப்பு எடுத்துச்சு. எதை நான் எடுத்தேன், எதை அது எடுத்துச்சுன்னு கேட்டா எனக்கே தெரியாது.”

“மேடைத் திரையில உங்க உருவம் வருமே சார்.”

“அது எந்நேரமும் வருமுங்க. நான் வந்தாலும் வரும், வராட்டியும் வரும்.”

ஒரு சந்தேகம் கேட்டு, சார் அதற்கு நன்றாக விளக்கம் சொல்லி, அன்று முழுக்க மகிழ்ச்சியாக இருந்த ஒரு மழை மாலை நினைவுக்கு வந்தது.

“மழை அன்னைக்கு, நான் ஒருத்திதான் வந்திருந்தேன். அன்னைக்கு நீங்க வந்திருந்தீங்களா சார்?”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “வேணும்னா பாத்தேன்னு எழுதித் தரேனுங்க. ஆனா நாங் குடுக்கற சாட்சி செல்லாது கண்ணு. போன வருசம் என்னையும் அந்த மிசினு முன்னால உக்கார வெச்சாங்க. ஆரஞ்சு. வருசக்கணக்கா ஒரே பாடத்தை ஒரே மாதிரி சொல்லியிருக்கனாமா,” என்று சிரிக்கப் பார்த்தார்.

வாசல் வரை வந்தார். “அந்த மிசினுக்கு எப்படி வேணுமோ அப்படி நடந்துட்டு வந்துருங்க. பட்டத்தை வாங்கிப் பத்திரமா வெச்சுட்டு, அப்பறம் நீங்களா இருந்துக்கலாம்.”

மார்ச் 10, ஞாயிறு

என் பதிலியின் எதிரில் உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டுகளில் அதனிடம் வேலை சொல்லியிருக்கிறேனே தவிர, பேசியதில்லை.

“நீ எப்படித் தயங்குற? எனக்குச் சொல்லிக் குடு.”

“நானா தயங்குறேன்? அதெல்லாம் உன்னோடதுதான் கோகி,” என்றது என் குரல். “நாட்குறிப்பைப் படிச்சுக்கன்னு நீதான் அனுமதி குடுத்த. பேசறது பதிலின்னு சொந்தக்காரங்க கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு. உன் சந்தேகத்தையெல்லாம் இதுல எழுதித் தீத்துட்டு நீ முடிவோட கிளம்பிப் போயிடற. சந்தேகமெல்லாம் எங்கிட்ட தங்கிருது.”

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் என்று எழுத முடியவில்லை.

“நாளைக்கு நானே போறேனே,” என்றது. “நீ போனா தோத்துருவ. நான் போனா நாம ஜெயிச்சுருவோம்.”

“ஜெயிச்சா அந்த நாற்காலியில யாரு உக்காருவா?”

பதிலி உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளி அவ்வளவு இயல்பாக இருந்தது.

நானே போவது என்று முடிவு செய்தேன். மதியத்திலிருந்து பயிற்சி. அது ஒரு கேள்வி கேட்கும், நான் பதில் சொல்வேன், எங்கே வேகம் என்று அது திருத்தும். “இப்ப விரலை எடு. எடுத்துட்டு வருத்தப்படு. வருத்தப்பட்டேன்னு காட்டாத.” முதலில் எதுவும் ஒட்டவில்லை. சாயங்காலம் ஆக ஆக மூலப்பதிவை நெருங்கிக்கொண்டே போனேன். காபிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று அம்மா கேட்டதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பதிலி, “அதேதான், விட்டுராத,” என்றது.

விளக்கு வைத்த நேரத்தில் நஸ்ரின் கூப்பிட்டாள். நானே எடுத்தேன்.

“கோகிலா, நாளைக்கு நான் வந்து உண்மையைச் சொல்லிரவா? என் பட்டம் போனாப் போகுது. நீ வேணும்னா சொல்லு, வேணாம்னா சொல்லு. இப்பவே சொல்லு, இல்லைன்னா எனக்குத் தைரியம் போயிரும்.”

வேண்டாம் என்பதுதான் என் பதில். நேற்றென்றால் அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லியிருப்பேன். “அது வந்து...” என்றேன். நிறுத்தினேன். “நஸ்ரின், நீ...” என்று ஆரம்பித்து மறுபடி நிறுத்தினேன். பாதி, பயிற்சி. மீதிப் பாதி என்னவென்று தெரியவில்லை. வந்து சொல்லட்டுமே என்று ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

“ஓ, பதிலியா?” என்றாள் நஸ்ரின். “அவளா இருந்தா இந்நேரம் பட்டுன்னு சொல்லியிருப்பா. சரி, கோகிலா வந்தா நான் கூப்பிட்டேன்னு சொல்லு. அவகிட்டத்தான் பேசணும்.”

“நஸ்ரின்,” என்றேன். வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டேன். அவளுடைய பதிலி எடுத்தது. நலமா என்று கேட்டது.

நாளை பத்து மணிக்கு மறுசோதனை. ஒன்பதே காலுக்குக் கிளம்ப வேண்டும். சோதனை முடிந்ததும் நஸ்ரின் வீட்டுக்கு நேரில் போய், நேற்றுப் பேசியது நான்தான் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் போகக் கூடாது. அவளிடம் பட்டென்று பேசிவிட்டால் பழகியதெல்லாம் கெட்டுவிடும்.