காயாத துணிகள்

மழை பெய்து வாரக்கணக்கில் ஆகிறது. ஜூன் மாத வெயில் லிஸ்பனின் பழைய பேட்டையான அல்ஃபாமாவின் கல் படிகளைப் போட்டு வாட்டிக்கொண்டிருந்தது. அப்படியிருக்க, எர்சீலியாவின் பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்து மஞ்சள் கவுனின் கழுத்தை நனைத்தது.

பெட்டியைப் படியில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அவள் பிறந்து வளர்ந்த ஐந்து மாடி வீடு. மாடிக்கு ஒரு கொடி, ஜன்னலிலிருந்து சந்தின் குறுக்கே எதிர்ச்சுவர்க் கப்பிவரை போய்த் திரும்பும் கொடி, அத்தனையிலும் துணி. போர்வை, உள்பாவாடை, மேஜை விரிப்பு, குழந்தைகளின் பள்ளி அங்கி. எல்லாம் இப்போதுதான் பிழிந்து போட்டதுபோல் ஈரமாகக் கனத்துத் தொங்கின. நீலச் சோப்பின் வாசனை சந்து முழுக்க இருந்தது.

லிஸ்பனில் துணி காயப்போடுவது அதிசயமா என்றால் இல்லை. ஆனால் உச்சி மாடியில் தம்பி ஒருவனைத் தவிர இந்த வீட்டில் இப்போது யாரும் குடியில்லை. ஒரு கம்பெனிக்காரன் வீட்டை வாங்கி, ஒவ்வொரு குடும்பமாகக் கிளப்பிவிட்டு, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறான். நேற்று வந்து நாளை போகிறவன் போர்வை துவைத்துக் காயப்போடுவானா? அதைவிட எரிச்சல், அவளுக்கு அந்தத் துணிகளைத் தெரியும். ஒட்டுப்போட்ட அந்தப் போர்வை இரண்டாம் மாடி தெயோலிந்தாவுடையது. பள்ளி அங்கிகள் மொரெய்ரா வீட்டு இரட்டையர்களுடையவை. அந்தப் பையன்களுக்கு இப்போது மீசை முளைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் மாடிக் கொடியில் தம்பி பெல்மீரோவின் வேலைச்சட்டை தொங்கியது. வலது கைப்பட்டையில் பச்சை பெயிண்ட். அந்தோணியார் திருவிழா ஊர்வலத்துக்குக் காகித விளக்குகளும் வளைவுகளும் செய்கிறவன் அவன். கம்பெனி எத்தனை கடுதாசி போட்டும் காலி செய்யக் கையெழுத்துப் போடாமல் உச்சி மாடியில் உட்கார்ந்துகொண்டிருந்த ஒரே ஆள். ஈஸ்டருக்குப் போனில் இருவரும் வாய்ச்சண்டை போட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் அவன் எடுக்கவில்லை. லக்ஸம்பர்க்கில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதற்கென்றே வந்திருந்தாள். சட்டையைப் பார்த்ததும் நெஞ்சுப் பாரம் சற்று இறங்கியது. உடனே கோபம் ஏறியது. உயிரோடு இருந்துகொண்டுதானா போனை எடுக்கவில்லை, கழுதை.

கம்பெனியிலிருந்து சாவி கொடுக்க வந்த பெண்ணுக்கு நாதியா என்று பெயர். எர்சீலியா நான்காம் மாடியை எடுத்திருந்தாள், தான் பிறந்த வீட்டில் படுக்க வாடகை கொடுத்து. இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. மேலே இருக்கும் என் தம்பியைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"மேல யாரும் இல்லையே, எர்சீலியா மேடம். ஈஸ்டர் முடிஞ்சதும் காலி பண்ணிட்டாரு. சாவியக் கதவுலயே விட்டுட்டுப் போயிட்டாரு."

எங்கே போனான் என்று கேட்டதற்கு, சொல்லவில்லை, யாருமே சொல்வதில்லை என்றாள். அப்படியானால் அந்தச் சட்டை? அந்தத் துணிகள் எல்லாம்?

நாதியா சிரித்தாள். "அது நாங்க போட்டது. குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது. வர்றவங்களுக்கு அது பிடிக்குது, நின்னு போட்டோ எடுக்கறாங்க. துணி தொங்கினாத்தானே ஆளுங்க இருக்கற தெரு மாதிரி இருக்கும்?"

"ஆளத் தொரத்திட்டுப் பாவாடைய மட்டும் வச்சுக்கிட்டீங்களா?"

நாதியா முகம் சுருங்கிவிட்டது. அதை விடாமல், யார் துவைக்கிறார்கள் என்று எர்சீலியா கேட்டாள். யாரும் துவைப்பதில்லை, போட்டது போட்டபடிதான் கிடக்கிறது என்றாள் அவள். பிறகு சாவியைப் பையில் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டு, குரலை இறக்கிச் சொன்னாள்.

"நான் ஒருதடவ எடுக்கப் பாத்தேன். ரொம்பக் கனமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

எர்சீலியா சாவியை வாங்கிக்கொண்டு, மாடிக்குப் போகாமல் நேரே அமாந்தியோவின் கடைக்குப் போனாள். பழைய ஆட்களில் சந்தில் மிச்சம் அவன் ஒருவன்தான். திருவிழாவின் முதல் நாள் என்பதால் வாசலில் அடுப்புப் போட்டு மத்தி சுட்டுக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் காகிதத் தோரணம், ஒலிபெருக்கியில் ஊர்வலப் பாட்டு, பீர் கோப்பையோடு வெளியூர்க் கூட்டம். எண்ணெய் சொட்டிப் புகை எழும்பும்போதெல்லாம் ஒரு கூச்சல். அவளைப் பார்த்ததும், லக்ஸம்பர்க்கில் சோறு போடுவதில்லையா, இப்படி இளைத்துவிட்டாயே என்று கேலி செய்தான். பெல்மீரோ எங்கே என்று கேட்டதும் கேலி நின்றுவிட்டது.

"மேலதான் இருக்கான்னு நெனச்சேன். சட்ட தொங்குதே."

இந்தச் சந்தில் யாரும் ஆளை விசாரிக்கக் கதவைத் தட்டுவதில்லை. கொடியைப் பார்த்தால் போதும். குழந்தைத் துணி ஏறினால் பிள்ளை பிறந்திருக்கிறது, கறுப்பு ஏறினால் சாவு விழுந்திருக்கிறது, ஆம்பிளைச் சட்டை காணாமல் போனால் புருஷன் ஓடிவிட்டான். இது தெரியாதவன் இங்கே வெளியூரான். அமாந்தியோவும் அப்படித்தான் பார்த்திருக்கிறான், பார்த்துத் திருப்தியாகிவிட்டான்.

"ரெண்டு மாசமா ஒரே சட்ட தொங்குது. ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவன் மீனைத் திருப்பினான். கருகியதைத் திரும்பவும் திருப்பினான். "எல்லார் துணியும்தான் தொங்குது எர்சீலியா. அதனாலதான் யாரும் போன மாதிரியே தெரியல. தெயோலிந்தா போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்னா. மொரெய்ரா பண்றேன்னான். ஒருத்தர்கிட்டேர்ந்தும் ஒரு வார்த்த வரல."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம்தான் என்று சொல்லிக்கொண்டாள். கம்பெனிக்காரன்மேல், அமாந்தியோமேல், மத்தி தின்றுகொண்டு அண்ணாந்து படம் எடுக்கிற ஒவ்வொரு மூஞ்சிமேலும். எல்லாவற்றையும்விட அந்தப் பிடிவாதக்காரத் தம்பிமேல்.

நேரே ஐந்தாம் மாடிக்கு ஏறினாள். கதவில் கம்பெனியின் புதுப் பூட்டுத் தொங்கியது. படிக்கட்டில் விளக்கு இல்லை. கீழே இருந்த பாட்டு இங்கே வரும்போது சுவருக்குள் யாரோ முனகுவதுபோல் மங்கியிருந்தது. பழைய மரமும் சுண்ணாம்பும் கலந்த வாசனைக்கு நடுவே, நாள்பட்ட ஈரத்துணியை வாளியில் மறந்துவிட்டால் வருமே, அந்தப் புளித்த நெடி கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. எர்சீலியா கதவைத் தட்டினாள். பிறகு குத்தினாள். பிறகு காலால் உதைத்தாள். வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினாள், திறடா, ஊரைக் கூட்டிவிடுவேன் என்றாள். செருப்பின் அடியில் வழுக்கியது. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். சோப்புத் தண்ணீர். வெதுவெதுப்பாக இருந்தது.

உள்ளே யாரோ துணியைக் கல்லில் மெதுவாகத் தேய்க்கிற சத்தம் கேட்டது. அவள் மூச்சைப் பிடித்ததும் அது நின்றது.

ஓடவில்லை என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியாது. நான்காம் மாடிக்குள் வந்து கதவைத் தாழிட்டாள். அமாந்தியோவைக் கூப்பிட வேண்டும், கடப்பாரையோடு வரச் சொல்ல வேண்டும். போனை எடுத்தாள். அப்போது ஜன்னலுக்கு வெளியே கப்பி கிரீச்சிட்டது.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜூன் மாதத்தில் இரவுச் சாப்பாட்டு நேரம்வரை வானம் மங்காது. வெள்ளையடித்த சுவர், புதுச் சோபா, சுவரில் மாட்டிய டிராம் வண்டிப் படம், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. திரைச்சீலை அசையவில்லை, காற்று இல்லை. ஆனாலும் கொடி நகர்ந்தது. ஒரு முழம் நகர்ந்து நின்றது. கிரீச். திரும்பவும் ஒரு முழம். யாரோ எதிர்ச்சுவர் ஜன்னலில் நின்றுகொண்டு நிதானமாக இழுத்துவிடுவதுபோல. ஆனால் எதிரே ஜன்னலே கிடையாது.

ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

மேலே ஐந்தாம் மாடிக் கொடி வெறும் கொடியாகக் கிடந்தது. கீழே மூன்றாவது, இரண்டாவது, முதலாவது. எல்லாம் வெறுமை. வீட்டின் துணி மொத்தமும் அவளுடைய கொடியில் நெருக்கியடித்துக்கொண்டு தொங்கியது. போர்வைக்குப் பின்னால் அங்கிகள், அங்கிகளுக்குப் பின்னால் பாவாடைகள். கடைசியில், எதிர்ச்சுவரை ஒட்டி, பச்சை பெயிண்ட் பட்ட வேலைச்சட்டை.

அதே நேரத்தில் மழை ஆரம்பித்தது.

பெரிய பெரிய துளிகள். கீழே கூட்டம் கத்திக்கொண்டு கடைக்குள் ஓடியது. எர்சீலியாவின் கைகள் அவளைக் கேட்கவில்லை. மழை விழுந்தால் யார் வீட்டுத் துணி என்று பார்க்காமல், எட்டியதை இழுத்து உள்ளே போடுவது இந்தச் சந்தில் பிறந்தவர்களின் பழக்கம். பேசாத வீட்டுத் துணியைக்கூட எடுத்துவிட்டு, பேசாமலே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கொடியைப் பிடித்து இழுத்தாள். முதலில் போர்வை வந்தது. கிளிப்பைக் கழற்றி, வாரி, பின்னால் தரையில் போட்டாள்.

தொப்பென்று விழுந்தது. துணி விழும் சத்தமாக அது இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இழுத்தாள். பள்ளி அங்கிகள், ஒன்று, இன்னொன்று. கனத்தன. கையில் சூடு தெரிந்தது, காய்ச்சலில் கிடக்கிற குழந்தையின் சூடு. பாவாடை. மேஜை விரிப்பு. பின்னால் தரையில் ஈரக்கால் வைக்கிற சத்தம். மரப்பலகை முனகியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். விட்டுவிட்டு ஓடு என்று உள்ளே ஒன்று அலறியது. ஆனால் கொடியின் கோடியில் தம்பியின் சட்டை மழையில் நனைந்துகொண்டிருந்தது. அதை அங்கே விட்டுவிட்டுப் போக அவளுக்குக் கோபம் இடம் கொடுக்கவில்லை. இத்தனை பேரையும் துடைத்து எறிந்தார்கள். இவனையாவது தரமாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"வாடா. வந்து தொலைடா."

வந்தது. ஆள் பாரத்தோடு வந்தது. கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. தோள் இருக்க வேண்டிய இடத்தில் தோள் இருந்தது. கிளிப்பைக் கழற்றினாள். கிளிப் கடித்த இடத்தில் துணி சிவந்து, சதைபோல் கன்றியிருந்தது.

இரண்டு கைகளும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன.

"பெல்மீரோ."

நனைந்த தலைமயிர் அவள் கன்னத்தில் பட்டது. மூச்சு. அவன் மூச்சு. அழுதுவிட்டாள். இடுப்பைப் பிடித்து உள்ளே தூக்கினாள். அவன் கனம் உள்ளே இறங்க இறங்க அவள் கனம் குறைந்தது. கால் தரையில் இல்லை. வயிற்றில் ஜன்னல் கட்டை. பிறகு அதுவும் இல்லை. கத்தினாள். விழவில்லை.

தோளில் இரண்டு கிளிப்புகள் கவ்வின.

கப்பி கிரீச்சிட்டது. ஜன்னல் ஒரு முழம் தள்ளிப் போனது. இன்னொரு முழம். உள்ளே விளக்குப் போட்டார்கள். தெயோலிந்தா போர்வையைப் போர்த்திக்கொண்டு சோபாவில் நடுங்கினாள். மீசை முளைக்காத இரட்டையர்கள் டிராம் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பெல்மீரோ ஜன்னலில் நின்றான், தண்ணீர் ஒழுகும் முகத்தோடு, மழையைப் பார்த்தான். அவளையும் பார்த்தான். கொடியில் கிடக்கிற துணியைப் பார்க்கிற பார்வை. குளிரெடுத்தவன்போல் கைகளைத் தேய்த்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினான்.

டேய் என்று உயிரைக் கொடுத்துக் கூப்பிட்டாள். அவளுடைய மஞ்சள் கவுனின் ஒரு கை மெல்ல எழும்பி, தளர்ந்து விழுந்தது. கையின் முனையில் விரல் ஒன்றும் இல்லை.

மழை விட்டது. கடைக்குள் ஒதுங்கியவர்கள் சந்துக்கு வந்தார்கள், பாட்டை மறுபடியும் போட்டார்கள். ஓர் இளம்பெண் அண்ணாந்து பார்த்துத் தோழியின் தோளைத் தட்டி, அந்த மஞ்சள் தனியாகத் தொங்குவது எவ்வளவு அழகு பார் என்றாள். இருவரும் போனை உயர்த்திப் பிடித்தார்கள்.