எங்க வீட்டுக்காரர் வருவார்

"அந்த ஆளு மட்டும் என் கையில கெடைக்கட்டும்... அப்புறம் இருக்கு!"

வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸ் பாதியில் நின்றது. செழியன் திரும்பிப் பார்த்தான்... பார்த்தவன் பார்த்தபடியே நின்றான்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் அந்த டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே நாலு பேர் நின்றாலே நெருக்கம். ஐப்பசி மழை அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பேரை உள்ளே தள்ளியிருந்தது. அதில் அவளும் ஒருத்தி. நெஞ்சோடு அணைத்த ஃபைல், அதற்குமேல் சுற்றிய துணிக்கடைப் பை, கன்னத்தில் ஒட்டிக்கொண்ட ஈர முடி... அப்புறம் அந்தக் கண்கள். கோபத்திலேயே இவ்வளவு அழகாக இருக்கிறதே, சிரித்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு ஒரு யோசனை ஓடியது. மழைக்கு ஒதுங்கின இடத்தில் வரக்கூடிய யோசனையா அது?

அவள் டீ மாஸ்டர் கோபியிடம் பொரிந்துகொண்டிருந்தாள்.

"இங்க மொழிபெயர்ப்பு பண்ற கடை எதுண்ணா? ஹார்ட்ஷிப் அலவன்ஸ்னா 'இன்னல் படி'னு எழுதி வெச்சிருக்கான்ணா! அதைப் படிச்சுட்டு எங்கப்பா, 'இன்னல்னு ஆர்டர்லயே எழுதிக் குடுக்கிற ஊருக்கு எம் பொண்ண அனுப்ப மாட்டேன்'னு உக்காந்துட்டாரு..."

கோபி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். ஆனால் அவன் கண் ஒரு தடவை செழியன் பக்கம் போய்விட்டு வந்தது. துரோகி!

அவள் பார்வையும் அதே வழியில் வந்தது. "சார், உங்களுக்குத் தெரியுமா அந்த ஆளை?"

"தெரியும்ங்க..."

"யாரு?"

"...நான்தான்."

அந்தக் கண்கள் இரண்டு மடங்கு பெரிதாயின. செழியனுக்கு மழையில் இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறதே!

"ஹார்ட்ஷிப்னா இன்னல்தாங்க. இன்பம்னா எழுத முடியும்?"

"அதுக்காக? பொண்ணப் பெத்தவர் படிக்கப்போறாரேனு ஒரு இது வேணாம்?"

"உங்கப்பாதான் படிக்கப்போறார்னு எனக்கு ஜோசியமா தெரியும்? ஜெராக்ஸ் கடையில குடுத்தாங்க... பண்ணிக் குடுத்தேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சட்டென்று அந்தக் கண்களில் தண்ணீர் நின்றது. மழைத்தண்ணீர் இல்லை. செழியனின் தொழில் மானம் அந்த இடத்திலேயே செத்தது.

"கடை பக்கத்துலதாங்க. வாங்க... மொதல்லேர்ந்து மாத்தி எழுதிக் குடுக்கிறேன்."

அவள் பெயர் ஓவியா. தண்ணீர்ப் பொறியாளர். ஒரு சர்வதேச அமைப்பில் தொழில்முறை அலுவலராக வேலை கிடைத்திருந்தது. ஊர், ஆப்பிரிக்காவில் லிலாங்வே. அப்பா பரசுராமன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணுக்கு அங்கே என்னென்ன கிடைக்கும், உடம்புக்கு முடியாவிட்டால் யார் பார்ப்பார்கள், ஊருக்கு எப்போது அனுப்புவார்கள் என்று சலுகைகள் புத்தகம் முழுவதையும் தமிழில் படித்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சம்மதக் கடிதம் போக வேண்டும். அன்றைக்குச் செவ்வாய்.

"அவரு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு அனுப்புனா நான் போக மாட்டேன் சார். அதே சமயம் இந்த வேலை போச்சுன்னா... நான் நானா இருக்க மாட்டேன்."

இப்படிச் சொல்லிவிட்டு ஒருத்தி எதிரே உட்கார்ந்தால் எந்த மொழிபெயர்ப்பாளனுக்கு வார்த்தை வரும்?

புதன்கிழமையும் அவள் வந்தாள். மத்தியானம் வந்தவள், ஜன்னலில் தெரிந்த மலை உச்சி மேகத்துக்குள் போய் வெளியே வந்து மறுபடி போகும்வரை இருந்தாள். ஒவ்வொரு சலுகையாக அவள் விளக்க, அவன் தட்டச்சினான். பாதி நேரம் சண்டை.

"ட்யூட்டி ஸ்டேஷனை 'பணி நிலையம்'னு போட்டுட்டீங்க. 'என்னாது, போலீஸ் ஸ்டேஷன்லயா வேலை?'னு கேக்குறாரு."

"சரி... 'பணியிடம்'. அடுத்து?"

"ஹோம் லீவ். 'வீட்டு விடுப்பு'னு இருக்கு. வீட்டுக்கே லீவு விட்ட மாதிரி இருக்கு சார்."

"'தாயக விடுப்பு'... ஓகேவா?"

"ம்... நல்லா இருக்கே! மூளை இருக்கு உங்களுக்கு."

"கொஞ்சம் கம்மிதாங்க. அடுத்தது... 'பிள்ளைகள் கல்வி மானியம்'." அவன் நிமிர்ந்தான். "எத்தனை பிள்ளைங்க வரைக்கும்?"

"எனக்கெப்படி தெரியும்?" என்றாள். உடனே எதற்கோ சிவந்து, "அதாவது... புத்தகத்துல பாருங்க!" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சிவப்பை நம்பித்தான் செழியன் கனவில் கால் வைத்தான். வைத்த அரை மணியில் அவளுக்குப் போன் வந்தது.

"ஆமாண்டி... எங்க வீட்டுக்காரர் கையெழுத்து போட்டாதான் ஆபீஸ்ல ஒத்துப்பாங்களாம். அவரு மெட்ராஸ் போயிருக்காரு, நாளைக்கு வருவாரு... அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருடி, தங்கமான மனுசன்."

செழியனின் விரல் 'மானியம்' என்ற சொல்லில் 'னி'யை மூன்று தடவை தட்டியது.

வீட்டுக்காரரா! அப்படியென்றால் அந்தச் சிவப்பு? அந்தச் சிரிப்பு? சரி... அவள் பொதுவாகச் சிரிக்கிறவள் போல. நமக்குத்தான் ஜாஸ்தியாகப் போய்விட்டது. கழுத்தில் ஒன்றும் இல்லையே... இந்தக் காலத்தில் யார் போடுகிறார்கள்? ஆனால் சம்மதம் சொல்ல வேண்டியவர் அப்பா என்கிறாளே, புருஷன் எங்கே போனான்? ஓ, மெட்ராஸ் போயிருக்கிறான். தங்கமானவன் வேறு! ராத்திரி சாப்பாட்டில் ரசத்துக்கு அப்பளத்தைத் தொட்டுக்கொள்வதா, அப்பளத்துக்கு ரசமா என்பதுகூட அவனுக்குப் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஓவியா ஒரு கவரை மேஜைமேல் வைத்தாள்.

"நான் மெடிக்கல் டெஸ்டுக்குப் போறேன் சார். எங்க வீட்டுக்காரர் பதினோரு மணிக்கு நேரா இங்க வருவாரு. இதுல கையெழுத்து வாங்கி வைங்க... ப்ளீஸ்." போகிற போக்கில் நின்று, "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கேன் மேடம்."

"மேடமா? நேத்து வரைக்கும் இல்லையே..." அவள் முகம் குழம்பியது. ஆட்டோ ஹாரன் அடிக்கவே போய்விட்டாள்.

கவரைப் பிரித்துப் பார்த்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அடுத்தவர் குடும்ப விஷயம் என்று பெருந்தன்மையாகத் தொடாமல் இருந்தான். பெருந்தன்மை பல நேரம் ஆளை இப்படித்தான் கவிழ்க்கிறது. பதினோரு மணிக்குள் அந்தப் புருஷனை மனதுக்குள் ஆறு விதமாக வரைந்து பார்த்துவிட்டான். எல்லாரும் இவனைவிட உயரம்.

வாசலில் ஒரு மொபெட் நின்றது. வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் படியேறினார்.

"தம்பி, நான் அன்வர் பாஷா. ஓவியா வீட்டுக்காரர். எங்க கையெழுத்து போடணும்?"

செழியன் நாற்காலியை விட்டு எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"நீங்க... ஓவியாவோட... வீட்டுக்காரரா?"

"ஆமாம்பா. பதினெட்டு வருசமா."

செழியன் தண்ணீர் பாட்டிலைத் தேடினான். பெரியவர் தானே கவரைப் பிரித்து, கண்ணாடியை மாட்டி, சத்தமாகப் படித்தார். "'மேற்படி ஓவியாவும் அவர் பெற்றோரும் செங்கம் ரோட்டில் எனக்குச் சொந்தமான வீட்டில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறார்கள்'... சரிதான். லீவுல வர்றதுக்குச் சொந்த ஊர் அட்ரஸ் புரூஃப் வேணுமாம்ல? நல்ல பொண்ணுப்பா. சின்னதுலேர்ந்து பாக்குறேன்." கையெழுத்துப் போட்டுவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி இப்படி வேர்க்குது?"

வாடகை வீட்டின் சொந்தக்காரர்! அட முட்டாள் செழியா... ஊரையே மொழிபெயர்க்கிறவனுக்குத் தாய்மொழியில் ஒரு வார்த்தை புரியவில்லையே! அன்வர் பாஷா போனதும் தனியாக உட்கார்ந்து அவன் சிரித்த சிரிப்பில், டீ கொண்டுவந்த கோபி டீயை வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனான்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் புத்தகத்தின் கடைசிப் பகுதியைத் திறந்தான். 'டிபெண்டென்ட் ஸ்பவுஸ்'. அலுவலருடைய கணவனோ மனைவியோ உடன் வந்தால் விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, குடும்பப் படி எல்லாம் உண்டு. அவன் தட்டினான்: 'அலுவலரைச் சார்ந்து வாழும் துணைவர்'.

தட்டிவிட்டு அந்த வரியையே பார்த்தான். இவளைக் கட்டிக்கொண்டால் இந்த வரியில் இருக்கப்போவது யார்?

சிரிப்பு நின்றது. சொந்தக் கடை, சொந்தப் போர்டு, ஏழு வருட உழைப்பு. இதையெல்லாம் பூட்டிவிட்டு ஒருத்தி சம்பளத்தில் சாப்பிடும் 'சார்ந்து வாழும்' ஆளாக விமானம் ஏறுவதா? வேங்கிக்காலே வாயில் போட்டு மெல்லாதா? அவளிடம் இதைப்பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதற்குள் ரோஷம் லிலாங்வே வரைக்கும் போய் இறங்கிவிட்டது.

சாயங்காலம் ஓவியா கண் நிறையச் சிரிப்போடு வந்தாள். அவன் நிமிராமல் தாள்களை நீட்டினான். "முடிஞ்சுதுங்க. எடுத்துட்டுப் போங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் சிரிப்பு மெதுவாக வடிந்தது. தாள்களை வாங்கிக்கொண்டாள். "நான் எதாவது தப்பா பேசிட்டேனா?"

"இல்லீங்க."

"அப்ப சரி... நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வீட்டுக்கு வாங்க. நான் எதையோ மறைக்கிறேன்னு அப்பாவுக்கு ஒரு சந்தேகம். 'எழுதினவரையே வந்து படிக்கச் சொல்லு'ன்னுட்டாரு." படியிறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவனை ராத்திரி முழுக்க வாட்டியது.

வெள்ளிக்கிழமை. பரசுராமன் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். செழியன் படிக்கப் படிக்க, டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக் போட்டார். 'இன்னல் படி'யை மாற்றி எழுதியிருந்த 'சிரமப் படி' வந்தபோது மட்டும் பேனா நின்றது.

"அப்ப சிரமம் இருக்கு?"

"இருக்குங்க. பொய் சொல்ல மாட்டேன். இருக்குனு அவங்களே ஒத்துக்கிட்டு, அதுக்குன்னு தனியா குடுக்கிறாங்க."

"நாங்க முப்பது வருசம் படாத சிரமமா! எவன் குடுத்தான்?" என்று டிக் போட்டார். உள்ளே அவர் மனைவி சரோஜா சிரிக்கும் சத்தம் கேட்டது. சமையலறை நிலைப்படியில் ஓவியா நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. செழியன் அந்தப் பக்கம் பார்ப்பதும் தாளைப் பார்ப்பதுமாக இருந்தான்.

கடைசிப் பக்கம் வந்தது. 'சார்ந்து வாழும் துணைவர்' என்பதை நிமிராமல் வேகமாகப் படித்துக் கடந்தான்.

பரசுராமன் பேனாவைக் கீழே வைத்தார். "இதாம்பா எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கத்தைக் கெடுக்குது. சம்பளம், லீவு எல்லாம் சரி. அவ்ளோ தூரத்துல ஒண்டியா கெடக்கணுமே. கல்யாணம் பண்ணிக் கூட அனுப்பலாம்னா... பொண்ணு வேலைக்குப் போவா, நான் அவளைச் சார்ந்தவன்னு கையெழுத்துப் போட்டுட்டு எந்த ஆம்பள வருவான்? நீயே சொல்லு தம்பி... அப்படி ஒருத்தன் இருப்பானா?"

செழியன் பதில் சொல்ல நிமிர்ந்தான். இருக்க மாட்டான் என்றுதான் நேற்று சாயங்காலம் முழுவதும் நினைத்தான். நிலைப்படியில் அந்தக் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. கோபம் இல்லை, கேலி இல்லை... பயம் இருந்தது. அவன் என்ன சொல்வானோ என்ற பயம். அதைப் பார்த்த நொடியில் கடை, போர்டு, வேங்கிக்கால் எல்லாம் எங்கேயோ போயின. இந்தப் பெண்ணைப் பிரிந்து தான் இருக்க முடியாது என்பது மட்டும் மிச்சம் நின்றது.

"இருக்கான்ங்க."

"யாரு?"

"...நான்."

பரசுராமன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். தாளை வாங்கி அந்த வரியை மேலும் கீழும் தேடினார்.

"தம்பி... இது புத்தகத்துல இருக்கா, இல்ல உன் சொந்தமா?"

"சொந்தம்தாங்க. மொழிபெயர்ப்பை எங்கேர்ந்து வேணா பண்ணலாம், கடை கூடவே வரும்ங்க. வரலைன்னாலும் பரவால்ல... நான் சார்ந்தவனாவே இருந்துட்டுப் போறேன். ஓவியாவுக்குச் சம்மதம்னா மட்டும்."

பரசுராமன் திணறிப்போய் மகள் பக்கம் திரும்பினார். "என்னம்மா இது? இந்தத் தம்பி என்ன சொல்லுதுன்னு உனக்காவது புரியுதா?"

ஓவியா நிலைப்படியை விட்டு வந்தாள். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. இரண்டையும் ஒளிக்கத் தெரியாமல் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"எனக்கு மூணு நாளா புரியுதுப்பா... இவருக்குத்தான் இன்னைக்குப் புரிஞ்சிருக்கு."