குதிகாலில் விழுந்த தட்டு

"தட்டினே!"

"தட்டல!"

"தட்டினேடா! மூணு தடவ தட்டினே, அதான் விட்டேன்!"

"கனவு கண்டியா? நான் எதுக்குத் தட்டணும்? இன்னும் ஒரு விநாடி போயிருந்தா நானே நழுவி..."

"நழுவிக் கிழிச்சே! மூச்சு விடவே முடியாம..."

விரிப்பின் மேல் இருவரும் மூக்கோடு மூக்கு முட்டும்படி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த ஜூடோ வகுப்பில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். சுழன்று சுழன்று ஆளைச் சாய்ப்பாள். அவன் கம்பம். ஏன் அந்தப் பெயர் என்று அவனைப் பார்த்த யாரும் கேட்டதில்லை.

ஜூடோவில் ஒரு வழக்கம் உண்டு. பிடியில் மாட்டிக்கொண்டவர் "போதும், விடு" என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. பிடித்தவர் மேலோ விரிப்பிலோ கையால் படபடவென்று தட்டினால் போதும். தட்டு பட்ட அந்த நொடியே பிடித்தவர் விட்டுவிட வேண்டும். தட்டியவர் தோற்றவர்.

பம்பரம் கம்பத்தை மல்லாக்கப் போட்டு அமுக்கிப் பிடித்திருந்தாள். டீச்சர் பதினெட்டு வரை எண்ணிவிட்டார். இருபது எண்ணியிருந்தால் வெற்றி அவளுக்கு. அப்போதுதான் மூன்று தட்டு. சட்டென்று விட்டாள். கம்பம் துள்ளி எழுந்தான். விசில் ஒலித்தது, நேரம் முடிந்தது. ஏற்கெனவே அவளை ஒரு முறை சாய்த்து ஒரு புள்ளி வாங்கியிருந்ததால் வெற்றி அவனுக்கு.

மற்ற நாளாக இருந்தால் இரண்டு திட்டோடு போயிருக்கும். இன்று மாடிக்கு ஆள் எடுக்கும் நாள். குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டைக்கலை வகுப்பு மாடியில் நடக்கிறது. கீழே ஜூடோவில் ஒழுங்காக விழவும், பிடிக்கவும், விடவும் தேறாதவர்கள் அந்தப் படியில் கால் வைக்க முடியாது. இந்த முறை காலியாக இருந்ததோ ஒரே ஓர் இடம், இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கு. தலைக்கு மேல் குத்துப்பை 'தொம் தொம்' என்று அதிர்வதைக் கேட்டபடியே பம்பரம் இரண்டு வருடம் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறாள்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" டீச்சர் நடுவில் புகுந்தார். "அவன் தட்டினதை நான் பார்க்கல. எங்க தட்டினான்மா? முதுகிலயா?"

"இல்ல டீச்சர். குதிகால்ல."

"குதிகால்லயா?" கம்பம் சிரித்தேவிட்டான். "ஒரு கையை உன் அக்குள்ல வெச்சு நசுக்கினே. இன்னொரு கை உன் பெல்ட்டப் பிடிச்சிருந்துச்சு. மூணாவது கையாலயா தட்டினேன்?"

"பொய்..." என்று தொடங்கிய பம்பரம் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

உண்மைதானே! பெல்ட்டை அவன் இழுத்த இழுப்பில் இடுப்பு இன்னும் வலித்தது.

ஆனால் தட்டு விழுந்ததும் நிஜம். சின்னச் சின்ன விரல்கள். ஈரமான உள்ளங்கை. கம்பத்தின் கையோ முறம் மாதிரி இருக்கும்.

பம்பரம் தன் குதிகாலைப் பார்த்தாள்.

"அப்போ... தட்டினது யாரு?"

திரும்பினாள்.

அவள் குதிகால் இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, விரிப்பின் ஓரத்தில் பீரோ குப்புறக் கிடந்தான். வகுப்பிலேயே அகலமானவன் அவன். வகுப்பிலேயே சின்னவளான பொடிசோடு சேர்ந்து பிடி பழகச் சொல்லி டீச்சர்தான் அவனை அங்கே விட்டிருந்தார்.

பொடிசைக் காணோம். பீரோவின் அடியிலிருந்து ஒரு சின்னக் கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. அது வெறும் விரிப்பைத் தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக.

"பீரோ! விடு! விடுடா!"

ஒரே பாய்ச்சல். காலரையும் பெல்ட்டையும் சேர்த்துப் பிடித்து உருட்டினாள். பீரோ புரண்டு மல்லாந்து விழுந்தான். கண்ணைத் திறந்து, "பதினொண்ணு" என்றான்.

பொடிசு எழுந்து உட்கார்ந்தாள். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. ஒரு பெரிய மூச்சு. இன்னொரு மூச்சு. பிறகுதான் அழுகை வந்தது.

டீச்சரின் வாயிலிருந்து விசில் நழுவி விழுந்தது. ஓடிவந்து பொடிசின் கழுத்தையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"மூச்சு நல்லா வருதா? எங்கயாவது வலிக்குதா கண்ணு?"

"வலிக்கல. இவன் சட்டை மூக்கை அடைச்சிருச்சு. இவன் மேல தட்டக் கை வளையல. கைக்குக் கிடைச்ச காலைத் தட்டினேன். அந்தக் கால் எந்திரிச்சுப் போயிருச்சு!"

"இருபது ஆனதும் நீ ஏன்டா விடல?"

"பதினெட்டு வரைக்கும் வந்துட்டேன் டீச்சர். இவங்க போட்ட சத்தத்துல எண்ணிக்கை விட்டுப்போச்சு. அதான் மறுபடி ஒண்ணுலேருந்து..." பீரோவின் உதடு பிதுங்கியது. "எனக்குத் தெரியவே தெரியாது, பொடிசு."

"இனிமே நான்தான் மேல. நீ கீழ" என்றாள் பொடிசு, விக்கலுக்கு நடுவே.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"தப்பு என்னுது" என்றார் டீச்சர். "ரெண்டு ஜோடிய விரிப்புல விட்டுட்டு ஒண்ணை மட்டும் பார்த்துட்டு நின்னேன்."

மாடியில் குத்துப்பை அதிர்ந்தது. பம்பரம் அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சர்... கம்பம் தட்டல. நானாத்தான் விட்டேன். வெற்றி அவனுக்குத்தான்." கம்பத்தின் பக்கம் திரும்பினாள். "பொய்னு சொல்ல வந்தேன்ல... சாரிடா."

சண்டைக்குத் தயாராக இருந்த கம்பத்துக்கு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"அப்போ மாடி கம்பத்துக்கு" என்றார் டீச்சர்.

பீரோ இரண்டு முறை கை தட்டினான். வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டான்.

கம்பம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது படியில் கால் நின்றது. மேலே கதவைப் பார்த்தான். கீழே, பொடிசின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த பம்பரத்தைப் பார்த்தான். பிறகு கைப்பிடிமேல் சாய்ந்து குரல் கொடுத்தான்.

"டீச்சர், ஜோடி இல்லாம மேல என்னத்தப் பழகறது? யார் தட்டினாலும் விட்டுடற இவளை விட்டா, வேற யாரை நம்பி நான் கழுத்தைக் குடுப்பேன்?"