கை மாறிய படிகள்

பின்னால் தான் வைத்த பொட்டுகளெல்லாம் கரைந்து ஓடிக்கொண்டிருக்க, இன்னும் தான் தொடாத மேல்படியில் மட்டும் மூன்று பொட்டுகள் காய்ந்து உட்கார்ந்திருப்பதைத் தேன்மொழி பார்த்தாள்.

பார்த்தாளே தவிர, மனசில் ஒன்றும் தோன்றவில்லை. ஒன்பது நாளாக அவளுக்கு எதுவும் தோன்றுவதில்லை.

மலையடிவாரத்தில் அலிபிரிப் படியில் கால் வைத்தபோதே மழை. வங்கக் கடலில் புயல் சுழன்றால் கார்த்திகையில் திருமலை இப்படித்தான் ஆகிவிடும். மலை எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நடைபாதைக்கு மேலே கூரை உண்டு. ஆனாலும் காற்று சாரலைப் பக்கவாட்டில் அள்ளி வீச, ஏறுகிறவர்களின் ஈரக்கால்கள் மிதித்துத் தேய்க்க, அவள் படிக்குப் படி குனிந்து பூசிய மஞ்சளும் அதன்மேல் வைத்த குங்குமமும் குழம்பி, கற்பூர வாசனையும் நனைந்த குரங்குகளின் நாற்றமும் கலந்த அந்தக் காற்றுக்குள், அழுக்குச் சிவப்பாகக் கீழே வழிந்துபோய்க்கொண்டிருந்தன.

"யாரோ நமக்கு முன்னாடி வெச்சிக்கினு போறாங்க அண்ணி," என்றாள் ரூபா. "இந்த மலையில நீ ஒருத்திதான் வேண்டிக்கினியா?"

"காஞ்சி கெடக்குது பாரு."

"அவங்களுது நல்ல மஞ்சாவா இருக்கும். நீ வாங்கனது கீழ கடையில. அதுல பாதி கடலமாவு. பஜ்ஜிதான் போடலாம்."

ரூபா அவளுடைய நாத்தனார். சிரிக்க வைக்கப் பார்த்தாள். ரூபாவின் அண்ணன், தேன்மொழியின் புருஷன் கிரண்குமார்தான் திருப்பதி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனியில் டின் லோடு ஏற்றுகிற வேலை. மழையில் பைக் சறுக்கியது. வெளியே ஒரு காயமில்லை. டாக்டரைக் கேட்டால், "சூத்தாமம்மா," பார்க்கலாம் என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

ஆஸ்பத்திரியில் மகனோடு இருந்த மாமியார் ரத்னம்மாதான் மஞ்சள் குங்குமக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். "மூவாயிரத்தி ஐந்நூத்தி அம்பது படி. ஒன்னுகூட வுடாத வெய்யி. ஆனா ஒரே கைதான் வெக்கணும் தேனு. பாதியில கை மாறுனா, மாறுன கைதான் கடைசிவரிக்கும் வெச்சி முடிக்கணும். அதுக்கப்புறம் அது உன் வேண்டுதல் இல்ல." ஆறு வயசு மகள் பவ்யா பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "நைனா எழுந்துக்குவாரா?" என்று கேட்டாள். "எழுந்துக்குவாரு," என்று தேன்மொழி சொல்லிவிட்டு வந்தாள்.

பாதி மலையில் காலிகோபுரம் வந்ததும் ரூபா முட்டியைப் பிடித்துக்கொண்டு டீக்கடையில் குந்திவிட்டாள். "நீ மெதுவாதான போற. ரெண்டு டீ குச்சிட்டு வந்து உன்ன புடிச்சிடறேன், போ."

மான் பூங்கா அருகே காவலாள் ஒருவர், "ஒண்டரிகா போவத்தம்மா, சிருத்த திருகுதோந்தி," என்று தடுத்தார். சிறுத்தை நடமாட்டமாம். தனியாகப் போகக் கூடாதாம். கோவிந்தா போட்டுக்கொண்டு வந்த ஒரு கும்பலோடு சேர்த்துவிட்டார். படிக்கு ஒரு தரம் குனிகிறவள் கும்பலோடு எப்படிப் போக முடியும்? கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய கோவிந்தா மேகத்துக்குள் ஏறிப்போய்ச் சின்னதாகி நின்றுவிட்டது.

மதியம் இரண்டு மணிதான். ஆனால் வெளிச்சம் ஈரத் துணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. கூரைத் தகரத்தில் மழை சத்தம், ஓடையில் தண்ணீர் சத்தம், தன் மூச்சு சத்தம். வேறில்லை. விரல் நுனிகளில் உணர்ச்சி போய் வெகு நேரமாகியிருந்தது. குங்குமத்தைத் தொட்டதா, கல்லைத் தொட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

மோகாள மெட்டு வந்தது. முழங்கால் நெஞ்சில் முட்டுகிற அந்தச் செங்குத்து. அங்கே நாலாவது படியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை. முந்தானையை மழைக்குத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருந்ததால் முகம் தெரியவில்லை.

"கொஞ்சம் மஞ்சா குங்குமம் குடும்மா."

கேட்கிற பொம்பளைக்கு மஞ்சள் குங்குமம் இல்லை என்று சொல்கிற வழக்கம் அவர்கள் பக்கத்தில் கிடையாது. சொல்வது தாலிக்கு ஆகாது. தேன்மொழி கிண்ணத்தை நீட்டினாள். அந்தக் கை எடுத்தது. நெற்றிக்குப் போகவில்லை. குனிந்து அடுத்த படியில் மஞ்சள் தடவி, மூன்று பொட்டு வைத்தது.

"குனிஞ்சி குனிஞ்சி உன் இடுப்பே ஒடஞ்சிடும் போல. நீ குந்து. ரெண்டு படி நான் வெக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். அதற்குள் இடுப்பு தானாக மடிந்து உட்கார்ந்துவிட்டது. கிண்ணம் எப்போது கை மாறியது என்று தெரியவில்லை. ரெண்டு படிதானே, அத்தைக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தாள். அந்தப் பெண் ஏறினாள். ரெண்டு. அஞ்சு. பத்து.

போன் அடித்தது. ரத்னம்மா.

"தேனு! விரல அசைச்சான்டி! இப்பதான், என் கண்ணு முன்னாடி!"

ஒன்பது நாளில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. எழுந்து பச்சைச் சேலையின் பின்னால் ஏறினாள். கிண்ணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பெண் வைத்த பொட்டுகள்மேல் சாரல் விழுந்தது, ஒன்றும் கரையவில்லை.

மறுபடி போன். "கண்ண தொறந்துட்டான்! தண்ணி கேக்கறான்! எங்க இருக்கற நீ?"

"மோகாள மெட்டு அத்தை."

"வெய்யிடி. நிறுத்தாத வெய்யி."

தேன்மொழி போனை இடுப்பில் செருகினாள். மேகம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. அந்தப் பெண்ணின் முதுகும் குனிந்து நிமிரும் கையும் மட்டும் தெரிந்தன.

"அக்கா, நீங்க யாருக்கு வேண்டிக்கினீங்க?"

"என் வூட்டுக்காரருக்குதான்."

"இன்னா ஆச்சி அவருக்கு?"

"மழையில வண்டி சறுக்கிடுச்சி. ஒம்போது நாளா கண்ணு தொறக்கல." ஒரு பொட்டு. "சித்தூர்ல டின் லோடு ஏத்தறாரு." இன்னொரு பொட்டு.

தேன்மொழி ஒரு படி தாவி ஏறினாள். "பேரு?"

"கிரண்குமாரு."

மூன்றாவது பொட்டு.

பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள். அந்தப் பெண் கொடுத்துவிட்டாள். சண்டை போடவில்லை. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். தேன்மொழி குனிந்தாள். தடவினாள், வைத்தாள். தடவினாள், வைத்தாள். மூன்று படி. நாலு. விரலில் கல் உரசித் தோல் போனது. வலிக்கவில்லை. ஆறு.

போன்.

"தேனு..." ரத்னம்மாவின் குரல் உடைந்திருந்தது. "மறுபடி கண்ண மூடிட்டான்டி. மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. நர்ஸம்மா ஓடியாந்து இன்னாமோ பண்றாங்க. நீ இன்னா பண்ண? யார்னா கை வெச்சாங்களா? நெசத்த சொல்லு."

தேன்மொழி போனைக் காதோடு தோளில் இடுக்கிக்கொண்டாள். ஏழாவது படியில் கையை வைக்கப் போனாள். போனுக்குள் யாரோ கத்தினார்கள். பவ்யா அழுகிற சத்தம்.

கையை எடுத்தாள்.

அழுகை நின்றது.

மறுபடி விரலைக் கல்லுக்கு அருகே கொண்டுபோனாள். அழுகை. எடுத்தாள். அமைதி.

தேன்மொழி திரும்பிப் பார்த்தாள். பச்சைச் சேலை அதே ஓரத்தில் நின்றிருந்தது. அவசரமே இல்லை அதற்கு. கை மட்டும் நீண்டிருந்தது, உள்ளங்கை மேலாக.

அவர் இருந்தால் போதும். அவ்வளவுதான் நினைத்தாள். எங்கேயாவது, யாரோடயாவது. மூச்சு விட்டுக்கொண்டு இருந்தால் போதும்.

கிண்ணத்தைக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் அவள் எண்ணவில்லை. பின்னால் நடந்தாள். குனியும் முதுகு. நிமிரும் முதுகு. மழை. கல். மூன்று பொட்டு. மழை. கல். மூன்று பொட்டு. ஒரு தடவைகூட அந்தத் தலை திரும்பவில்லை. கடைசிப் படியில் குங்குமம் வைத்துவிட்டு அந்தப் பெண் நேராக மேகத்துக்குள் நடந்துபோனாள். படிகள் முடிகிற வளைவுக்கு அந்தப் பக்கம் கார்கள், கடைகள், மொட்டைத் தலைகள், ஜனம். அந்த ஜனத்தில் பச்சைச் சேலை எங்கேயும் இல்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

போன் அடித்தது. வீடியோ கால்.

கிரண்குமார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. கண் தெளிவாக இருந்தது. அவனேதான். ஆனால் திரையைப் பார்க்கவில்லை. போனைப் பிடித்திருப்பவரைப் பார்த்துச் சிரித்தான்.

"தேனு, எப்ப வந்த நீ?"

"இப்பதான் வந்தா," என்றாள் பக்கத்தில் நின்ற ரத்னம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னா ஈரம் பாரு. ஏன்டி, பஸ்ஸுல வராம நடந்தேவா எறங்கின? தலைய தொவட்டுடி மொதல்ல."

"அத்தை," என்றாள் தேன்மொழி. "அத்தை, நான் இங்க இருக்கறேன். மலை மேல இருக்கறேன். என்னங்க. இங்க பாருங்க."

யாரும் திரும்பவில்லை.

போனைப் பிடித்திருந்த கை அதை மெதுவாகத் தன் பக்கம் திருப்பியது. பச்சைச் சேலையிலிருந்து தண்ணீர் ஆஸ்பத்திரித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் தாலிக்கயிறு. அதற்குமேல் முகம் இல்லை. வெள்ளையாக, ஈரமாக, மலைமேகம் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"அம்மா!"

பவ்யா கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு கையாலும் அந்த இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முகத்தை அந்த நனைந்த சேலைக்குள் புதைத்தாள். மஞ்சள் விரல்கள் இறங்கி வந்து, குழந்தையின் தலையைத் தடவத் தொடங்கின.