நடுத் தெர்மாமீட்டரின் பொய்

மாலை 6.00. மருந்துக் கிடங்கின் குளிரறையைத் திறந்த அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடுப்பூசிப் பெட்டிகளில் ஒட்டியிருந்த, சூடு பட்டால் கறுக்கும் வில்லைகள் அத்தனையும் கறுத்திருந்தன. அறை இப்போது சில்லென்றுதான் இருந்தது. ஆனால் காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது வில்லைகள் வெளுப்பாக இருந்தன; அதற்குப் பிறகு எப்போதோ பல மணி நேரம் அறை புழுங்கியிருக்கிறது. நாலாயிரம் குழந்தைகளுக்கான மருந்து பாழ்.

6.40. இன்ஸ்பெக்டரம்மா வந்தபோது ஆளைத் தயாராகப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை காலை ஷிப்டு பார்த்த நர்ஸ், இருபத்து மூன்று வயசு, அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. வேலை போய்விடும், கைதும் உண்டு என்று அதிகாரி சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்றவர் அதன்பின் மாலை ஆறு வரை பகல் ஷிப்டு பார்த்த மேற்பார்வையாளர், அவளுடைய அக்கா புருஷன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

"பதிவேட்டைப் பாருங்க மேடம்," என்றார் அதிகாரி. "உள்ள மூணு தெர்மாமீட்டர் இருக்கு. மணிக்கொரு தடவை மூணையும் பார்த்து எழுதணும். இந்தப் பொண்ணு எழுதினது ஒண்ணுக்கொண்ணு ஒத்தே போகல. உள்ள போகாமலே வாய்க்கு வந்ததை எழுதியிருக்கு."

நர்ஸ் எழுதியது: 4.3, 3.7, 4.4. அடுத்த மணி 4.6, 4.0, 4.7. மேற்பார்வையாளர் எழுதியது: 4.1, 4.1, 4.1. அடுத்தது மூன்றும் 4.2. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அத்தனை சுத்தம். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அந்தச் சுத்தம்தான் உறுத்தியது.

"சின்னப் பொண்ணு மேடம். ஏதோ தெரியாம பண்ணிட்டா, பார்த்துச் செய்யுங்க," என்று குழைந்தார் மேற்பார்வையாளர்.

"மாமா! நான் ஒண்ணுமே பண்ணலையே!"

இன்ஸ்பெக்டரம்மா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க எத்தனை தடவை உள்ள போனீங்க?"

"ஆறு தடவை. மணி தவறல."

"மூணையும் பார்த்தீங்களா?"

"என் கண்ணாலேயே பார்த்தேன்."

6.55. மூன்றையும் கழற்றி ஒரே குவளைத் தண்ணீரில் போடச் சொன்னாள். 24.3, 23.7, 24.4. ஐஸ் போட்டுக் கலக்கினாள். 1.2, 0.6, 1.3.

"இதுல எது சரி மேடம்?" என்றார் அதிகாரி.

"யாருக்குத் தெரியும்? எங்க வீட்டு எடை மெஷின், எங்க அண்ணி வீட்டு மெஷினைவிட ரெண்டு கிலோ கூடக் காட்டும். எது பொய்யின்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை. ஆனா அந்த ரெண்டு கிலோ மாறவே மாறாது." பதிவேட்டை மேற்பார்வையாளர் பக்கம் திருப்பினாள். "நடுவுல இருக்கிறது எப்பவுமே அரை டிகிரிக்கு மேல கம்மியாக் காட்டுது. உள்ள போய்ப் பார்த்தவங்க அப்படித்தான் எழுதியிருக்கணும். இந்தப் பொண்ணு ஆறு வரியிலயும் எழுதியிருக்கு. நீங்க ஒரு வரியில கூட எழுதல. மூணும் ஒண்ணாத்தான் இருக்கும்னு வெளியில உக்காந்து நிரப்பிட்டீங்க. எங்க சார் போயிருந்தீங்க?"

அவர் முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது.

"வீட்டுக்குக் கான்கிரீட் போடறாங்க... ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்னு... நாலு மணிக்கு வந்தா குளிர் மெஷின் நின்னு கிடக்கு. உடனே போட்டுட்டேன் மேடம்."

"போட்டுட்டு, பழியை மச்சினிச்சி தலையில கட்டிட்டீங்க."

7.20. அவரை வண்டியில் ஏற்றும்போது நர்ஸின் போன் அடித்தது. அக்கா.

"ஏண்டி, அவர் போனே எடுக்க மாட்டேங்கறாரு. உன் பக்கத்துல இருக்காரா?"

நர்ஸ் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரம்மா போனுக்குக் கை நீட்டினாள். நர்ஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"இருக்காருக்கா," என்றாள். "நீ முதல்ல கொஞ்சம் உக்காரு."