மேற்குப் பலகை

அந்த ஸ்டேஷனில் கிழக்குப் பலகையில் ஒரு பேர், மேற்குப் பலகையில் வேறொரு பேர். வருஷக்கணக்காக யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. போன மாதம் பெயிண்டரம்மாவின் தம்பி மேற்குப் பலகையைப் படித்துவிட்டு, நம் ஊர் இன்னும் வரவில்லை என்று ரயிலிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மா போனபின் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. இன்று நாலு மணி வண்டியில் மறுபடி வருகிறான்.

மேற்குப் பலகையை மாற்றி எழுத அவள் ஏணியைத் தூக்கியதும் ஸ்டேஷன் மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மேற்குப் பக்கம் வேண்டாம்மா. அந்தப் பேரைப் படிச்சு இறங்குறவங்க வேற. அப்படியே அந்தப் பக்கமாப் போயிடுவாங்க. அந்தப் பேரு இருக்கிற வரைக்கும் நம்மகிட்ட வர மாட்டாங்க."

"யாரு சார் அவங்க?"

"யாரு பார்த்தா? வண்டி நின்னா நான் அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல."

"நல்லாயிருக்கு! உங்க பயத்துக்கு என் தம்பி ஊர் ஊரா அலையணுமா?"

உச்சி வெயில் மண்டையைப் பிளக்க, டர்பன்டைன் நெடி தொண்டையை அடைக்க, அவள் பழைய பேரின் மேல் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் சரளைக்கல் நெரிபட்டது. ஒருவர் இல்லை, பலர் வந்து நெருங்கி நிற்பதுபோல. திரும்பினாள். யாருமில்லை. ஆடிக்கொண்டிருந்த ஏணி மட்டும் ஆடாமல் நின்றது. கீழே யாரோ பிடித்திருந்தார்கள்.

அதற்காக இறங்கி ஓடுகிறவளா அவள்?

"பிடிக்கிறதுதான் பிடிக்கிறே, ஒழுங்காப் பிடி!" என்று அதட்டிவிட்டுக் கிழக்கில் இருந்த அதே பேரைக் கறுப்பில் எழுதி முடித்தாள். வண்ணம் தொட்ட மாத்திரத்தில் காய்ந்தது. இரண்டு பலகையிலும் இப்போது ஒரே பேர்.

நாலு மணி. வண்டி வந்தது. அவள் பிளாட்பாரத்தின் நடுவில் நின்றாள். கிழக்குக் கோடியில் நீலச்சட்டையோடு தம்பி இறங்கினான்.

"அக்கா!"

அவள் சிரித்தாள். சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"அக்கா!"

இது முதுகுக்குப் பின்னால்.

மேற்குக் கோடி. நீலச்சட்டை. அதே பை. அதே முகம்.

மாஸ்டர் அறையின் ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

அவள் ஏணியை எடுத்துக் குறுக்கே பிடித்தாள்.

"சின்னதுல உன்னை நான் என்னன்னு கூப்பிடுவேன்? சொல்லு!"

கிழக்கே நின்றவன் விழித்தான். "என்னக்கா இது... திடீர்னு கேட்டா? மறந்து போச்சு..."

"சில்வண்டு," என்றான் மேற்கே நின்றவன்.

சரியான பதில்.

"ரெண்டு பேரும் அங்கேயே நில்லுங்கடா! என் பிள்ளை யாருன்னு எனக்குத் தெரியும்!" என்று கத்தினாள். தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

வண்டி போய்விட்டது. கிழக்கே நின்றவன் பயத்தில் அழ ஆரம்பித்தான்.

மேற்கே நின்றவன் அதைக் கூர்ந்து பார்த்தான். பிறகு அவனும் அழ ஆரம்பித்தான்.