மூன்றாம் மாடியில் இரண்டு பேர்

திரையின் மூலையில், மூன்றாம் மாடிக்கு நேராக, 2 என்று காட்டியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணி. நாற்பது மேசைகள், நாற்பது காலி நாற்காலிகள், வெள்ளிக்கிழமை யாரோ மறந்துவிட்டுப் போன குடை, காதுக்குள்ளேயே குடியேறிவிட்ட ஏ.சி. இரைச்சல். காலையிலிருந்து இந்த மாடியில் அவளைத் தவிர ஈ காக்கை கிடையாது.

“இப்ப உனக்கு என்ன வந்துச்சு?” என்று திரையைக் கேட்டாள். கொஞ்ச நாளாகவே திரையோடு வாய்விட்டுப் பேசுகிற பழக்கம் வந்துவிட்டது. பேச வேறு யார் இருக்கிறார்கள்?

அந்தக் கட்டடத்தின் விளக்கு, ஏ.சி., கதவு எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது இருபது வருடப் பழைய புரோகிராம் ஒன்று. கூரையிலிருக்கும் சென்சார்கள் உடம்புச் சூட்டை வைத்து மாடிக்கு எத்தனை பேர் என்று சொல்லும். ஒருவரும் இல்லையென்றால் புரோகிராம் கதவைப் பூட்டி விளக்கை அணைத்துவிடும். அதை எழுதியவர் கமா சார். ஒரு கமா விட்டுப்போனாலும் யாரையும் வீட்டுக்கு விடமாட்டார், அதனால் அந்தப் பெயர். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் பயன்படுத்திய பழைய சாஃப்ட்வேரை அதைச் செய்த கம்பெனியே கைகழுவிவிட்டது. எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றும் வேலையை அவள் தலையில் கட்டிய மேனேஜர், “ஒரு வாரத்துல முடிச்சிடலாம்மா” என்றார்.

ஏழு வாரம் ஆகிவிட்டது. புதிய சாஃப்ட்வேர் பழைய ப்ராஜெக்ட்டைத் திறந்த முதல் நாளே ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பிழைகளை அள்ளிக் கொட்டியது. ஒன்றைச் சரிசெய்தால் நாற்பது முளைத்தன. பட்டன்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளைக் கட்டங்கள். பழையது கண்டும் காணாமல் விட்டதற்கெல்லாம் புதியது சண்டைக்கு வந்தது. மற்றவர்கள் புதுப்புது வேலைகளில் கும்பலாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க, இதைத் தொடவும் ஆளில்லை, எங்கே நிற்கிறது என்று விசாரிக்கவும் ஆளில்லை. ஏழு ஞாயிறும் இந்த நாற்காலியிலேயே போயிற்று. அதைவிட, காலையில் போனில் எட்டு வயது மகள் கேட்டதுதான் அவளுக்கு வலித்தது.

“இன்னைக்காவது வருவியாம்மா? இல்ல அடுத்த ஞாயித்துக்கிழமையா?”

“இன்னைக்குக் கண்டிப்பா வரேன்டா கண்ணு. அப்பாவோட அஞ்சு மணிக்குக் கீழ வந்து நில்லு. மூணு பேருமா பார்க்குக்குப் போலாம்.”

அதற்காகவே மூச்சுவிடாமல் வேலை செய்து, சற்று முன் கடைசிப் பிழைக்கு வந்துசேர்ந்திருந்தாள். ஒரு வரி முழுக்கப் புரியாத எழுத்துக் குப்பை. அதன்கீழ் ஒரு கட்டளை: மூன்றாம் மாடிக்கு மட்டும் எண்ணிக்கையில் ஒன்றைக் கழி. அந்தக் காலத்து ஜெராக்ஸ் மெஷினின் சூட்டை ஆள் என்று எண்ணியிருக்கும், சார் ஒட்டுப்போட்டிருப்பார் என்று நினைத்தாள். மெஷினை எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று. குப்பையோடு சேர்த்து அந்த வரியையும் அழித்தாள். பிழைகள் பூஜ்யம். ஆளில்லாத இந்த மாடியோடு இணைத்து ஓட்டிப் பார்த்தாள். மற்ற எல்லாம் சரி. இந்த 2 மட்டும்தான் இடித்தது.

மாடியின் வரைபடத்தைத் திறந்தாள். இரண்டு புள்ளிகள். ஒன்று அவள் மேசையில். மற்றது கோடியிலிருக்கும் மீட்டிங் அறையில்.

போய்ப் பார்த்தாள். நீள மேசை, கவிழ்த்து வைத்த தண்ணீர் டம்ளர்கள், பாதி இறக்கிவிட்ட திரைச்சீலைக்குக் கீழே கோடுகோடாக விழுந்த வெயில், அந்த வெயிலிலும் காயாத ஈரத்துணியின் வாடை. யாரும் இல்லை. துவைக்காத கால்மிதியின் வாடையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். திரும்பி வந்தபோது அவள் நாற்காலி வழிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. உட்கார்ந்தாள். இருக்கை ஈரமாக, சில்லென்று இருந்தது.

வரைபடத்தில் இரண்டாவது புள்ளி இப்போது அவளுக்குப் பின்வரிசையில் இருந்தது.

அவளுக்கு அந்த எழுத்துக் குப்பை நினைவுக்கு வந்தது. கமா சார் குறிப்பெல்லாம் தமிழில்தான் எழுதுவார், பழைய தமிழ் ஃபாண்டில். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் எல்லாம் குப்பையாகத்தான் தெரியும். இது தெரிந்தும் அவசரத்தில் அழித்திருக்கிறாள். பேக்கப்பிலிருந்து அந்த வரியை எடுத்து, சாரின் பழைய ஃபோல்டரில் கிடந்த ஃபாண்டைப் போட்டாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக முகம் காட்டின.

“இங்கே ஒருத்தி கூடுதலாக இருக்கிறாள். எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் அவளும் வீட்டுக்குக் கிளம்புவாள்.”

படித்து முடிக்கும்போதே பின்னால் நாற்காலிச் சக்கரம் உருண்டது.

அவள் திரும்பவில்லை. கழிக்கும் வரியைப் பழைய இடத்தில் ஒட்டினாள். விரல் வழுக்கியது. மறுபடி ஒட்டினாள். புரோகிராமை மறுபடி ஓட்டினாள். பச்சைப் பட்டை ஊர்ந்தது. பத்து சதவீதம். முப்பது. ஈரத்துணி வாடை கழுத்தருகே வந்தது. எழுபது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ தெரியாது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். வாடை இல்லை.

மூன்றாம் மாடி: 0.

இரண்டு பேரில் ஒன்றைக் கழித்தால் ஒன்று வரவேண்டும். பூஜ்யம் என்றால் ஒருத்தி போய்விட்டாள். மீதி ஒருத்தியைத்தான் புரோகிராம் கழித்திருக்கிறது.

மேசையில் அவள் கைப்பை இல்லை. போன் இல்லை. கதவு திறக்கும் கார்டும் இல்லை.

கதவு பூட்டிக்கொண்டது. ஓடிப்போய் இழுத்தாள். உதைத்தாள். ஓடிவந்து இன்டர்காமை எடுத்தாள்.

“அண்ணா! நான் மேல மாட்டிக்கிட்டேன், கதவத் தொறங்க!”

“ஹலோ?” என்றார் வாட்ச்மேன். “ஹலோ… யாருங்க? சத்தமே வரலையே.” பிறகு வேறு யாரிடமோ, “போயிட்டு வாங்க மேடம். இன்னைக்கு நேரத்தோட கிளம்பிட்டீங்க போல?” என்று சிரித்தார். லைன் நின்றது.

விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன.

ஜன்னலுக்கு ஓடினாள். திறக்காத கண்ணாடி. கீழே கேட்டருகே பைக். கணவன். மகள். கட்டடத்திலிருந்து அவளுடைய நடையில், அவளுடைய உடையில், அவளுடைய பையோடு ஒருத்தி வெயிலுக்குப் போனாள். மகள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

“கண்ணு! அது நானில்ல!”

கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். சத்தம் எழவில்லை. முகத்தை ஒட்டிவைத்துக் கத்தினாள். கண்ணாடியில் மூச்சு படியவில்லை.

மூன்று பேரும் பைக்கில் ஏறினார்கள். அந்தப் பெண்ணின் மடியில் ஒண்டிக்கொண்ட மகள், கிளம்புகிற நேரத்தில் அவள் தோளுக்கு மேலாக நிமிர்ந்து நேராக இந்த ஜன்னலைப் பார்த்தாள். அம்மா இத்தனை நாளாக உட்கார்ந்திருந்த இடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு, இனி அங்கே யாருமில்லை என்கிற சந்தோஷத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.